வெள்ளை அங்கித் துறவிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐரோப்பாவின் இடைக்காலத் துறவற சபைகள் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிஸ்டெர்சியன் சபையைப் பற்றியே கேட்டிருந்தன. அதனால் இந்த இதழின் பகுதி முழுவதும் அவர்களுக்கே.

பெனடிக்ட் சபை ஏற்கெனவே இருந்தபோது சிஸ்டெர்சியன் என்று இன்னொரு சபை எதற்கு?
*வாசகர், பாளையங்கோட்டை*

இருவருக்கும் ஒழுங்குநூல் ஒன்றுதான். 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் (நம்மூர்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்பார்கள்) எழுதிய 73 அதிகாரங்கள் கொண்ட சிறுநூல் அது. நாளைச் செபம், வாசிப்பு, கைவேலை என மூன்றாகப் பிரித்துத் தருகிறது. 11ஆம் நூற்றாண்டு வாக்கில் பிரான்சின் குளூனி போன்ற பெரிய பெனடிக்ட் மடங்களில் செப நேரம் நீண்டுகொண்டே போய், கைவேலை ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. வயலில் குடியானவர்கள் உழைத்தார்கள். குத்தகையும் தசமபாகமும் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) மடத்தை நடத்தின.

இது ஒழுங்குநூலுக்குப் பொருந்தாது என்று கருதிய ராபர்ட், மொலேம் மடத்தின் தலைமையை விட்டுவிட்டு, ஏறத்தாழ இருபது துறவிகளோடு 1098இல் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஒரு சதுப்புக் காட்டில் குடியேறினார். இடத்தின் பெயர் சீத்தோ. அதன் லத்தீன் பெயரான சிஸ்டெர்சியம் என்பதிலிருந்தே சபையின் பெயர் வந்தது. மறு ஆண்டே ராபர்ட்டைப் பழைய மடத்துக்குத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். தொடங்கியதை நிலைநிறுத்தியவர்கள் அடுத்த தலைவர்களான அல்பெரிக்கும், ஆங்கிலேயரான ஸ்டீபன் ஹார்டிங்கும். சாயம் போடாத கம்பளியில் அங்கி தைத்ததால் வெள்ளைத் துறவிகள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கறுப்பு அங்கிக்குச் சாயச் செலவு உண்டு, இதற்கு இல்லை.

பெர்னார்டுதான் சபையை நிறுவினார் என்று படித்தேன். சரியா?
*வாசகி, தூத்துக்குடி*

இல்லை. சுமார் 30 உறவினர்களையும் நண்பர்களையும் அழைத்துக்கொண்டு அவர் சீத்தோவில் சேர்ந்தது 1113 வாக்கில். 1115இல் கிளேர்வோ மடத்தின் முதல் தலைவரானார். அவர் பேச்சும் எழுத்தும் சபையை ஐரோப்பா முழுவதும் பரப்பின என்பது உண்மை. 1153இல் அவர் இறந்தபோது சபைக்கு ஏறத்தாழ 340 மடங்கள் இருந்தன.

ஆனால் இத்தனை மடங்கள் சிதறாமல் ஒன்றாக நின்றதற்குக் காரணம் ஹார்டிங்கின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் ‘அன்பின் சாசனம்’. 1119இல் திருத்தந்தை இரண்டாம் கலிஸ்டஸ் அதை ஏற்றார். அதன்படி ஒவ்வொரு மடமும் தன் வரவு செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். தாய்மடம் சேய்மடத்திடம் காசு வாங்கக் கூடாது. தாய்மடத்தின் தலைவர் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் வந்து பார்வையிடுவார். எல்லா மடத்தலைவர்களும் ஆண்டுதோறும் செப்டம்பரில் சீத்தோவில் கூடுவார்கள். வெகுதொலைவில் இருப்பவர்களுக்குச் சலுகை உண்டு. புதிய மடம் தொடங்க ஒரு தலைவரும் 12 துறவிகளும் வேண்டும். அவர்கள் போவதற்கு முன்பே கோவில், உண்ணும் அறை, படுக்கும் அறை, விருந்தினர் அறை, வாயிற்காப்போர் அறை ஆகியவை தயாராக இருக்க வேண்டும். திருப்பலி நூல், திருப்பாடல் நூல், ஒழுங்குநூல் முதலான புத்தகங்களைக் கையோடு கொண்டுபோக வேண்டும்; அவையும் எல்லா மடங்களிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றுபோல் இருக்க வேண்டும். நாடுகளின் எல்லைகளைத் தாண்டிய ஓர் அமைப்பு ஆண்டுக்கூட்டம், நேரடித் தணிக்கை, ஒரே பாடநூல் ஆகியவற்றோடு இயங்கியது அந்த நூற்றாண்டில் பெரிய புதுமை. பிற்காலச் சபைகள் பலவும் இதைப் பார்த்தே தங்கள் அமைப்பை வகுத்துக்கொண்டன.

அவர்கள் மடங்கள் எல்லாம் பள்ளத்தாக்கில், ஆற்றோரத்தில் இருக்கின்றனவே, ஏன்? உள்ளமைப்பும் ஒன்றுபோல் இருப்பதாகத் தெரிகிறது.
*கட்டடக்கலை மாணவர், கோயம்புத்தூர்*

ஊரைவிட்டு விலகி இருக்க வேண்டும் என்பது விதி. தண்ணீர் இல்லாமல் நடக்காது என்பது நடைமுறை. மாவரைக்க, துணி மிதித்துத் திண்மைப்படுத்த, தோல் பதனிட, இரும்படிக்க, கழிவை அடித்துச் செல்ல, எல்லாவற்றுக்கும் ஓடும் நீர் தேவைப்பட்டது.

நீரை இரண்டு வழியில் கொண்டுவந்தார்கள். குடிக்கவும், உண்ணும் அறைக்கு எதிரே கைகழுவும் தொட்டிக்கும் ஊற்றுநீர், பெரும்பாலும் ஈயக்குழாயில். வேலைகளுக்கு ஆற்றை மேற்புறத்தில் மறித்து வெட்டிய வாய்க்கால். வாய்க்கால் எதை முதலில் தொடுகிறது, எதைக் கடைசியில் தொடுகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆலையும் சமையலறையும் முதலில். படுக்கும் அறையின் கோடியில், வாய்க்காலுக்கு நேர்மேலே கட்டிய கழிப்பறைகள் கடைசியில். அதைத் தாண்டிய நீர் மறுபடியும் ஆற்றில். வாட்டம் குறைந்தால் வண்டலும் எண்ணெய்ப் பிசுக்கும் தங்கி வாய்க்கால் அடைபடும். கூடினால் கரை அரிக்கும். அதனால் மதகு வைத்து நீரைத் தேக்கி, அவ்வப்போது ஒரே வீச்சில் திறந்துவிட்டார்கள். பிரான்சின் ஓபசின் மடத்துக்காகப் பாறையைக் குடைந்து சுமார் 1.5 கிலோமீட்டர் தூரத்துக்கு வெட்டிய வாய்க்காலை இன்றும் நடந்தே பார்க்கலாம்.

உள்ளமைப்பு இது: சதுர முற்றம், சுற்றிலும் கூரையிட்ட நடை. வடபுறம் கோவில். கீழ்ப்புறம் புத்தக அலமாரி, தினமும் ஒழுங்குநூலின் ஓர் அதிகாரம் வாசிக்கப்படும் பேரவைக்கூடம், மாடியில் படுக்கும் அறை. அங்கிருந்து நள்ளிரவுச் செபத்துக்கு நேரே கோவிலுக்குள் இறங்க ஒரு படிக்கட்டு. தென்புறம் கணப்பு அறை, உண்ணும் அறை, சமையலறை. மேற்புறம் முழுவதும் உழைப்புச் சகோதரர்களுக்கும் (பண்ணை வேலைக்கென இருந்த தனிப்பிரிவினர்) பண்டகசாலைக்கும். வெயிலோ நிலமோ இடங்கொடுக்காவிட்டால் கோவிலைத் தென்புறமாக மாற்றியதும் உண்டு.

மாணவராகிய நீங்கள் கவனிக்க வேண்டியது உண்ணும் அறையை. மற்ற பெனடிக்ட் மடங்களில் அது முற்றத்து நடையை ஒட்டிக் கிழக்கு மேற்காக நீளும். சிஸ்டெர்சியர்கள் 12ஆம் நூற்றாண்டிலேயே அதைத் திருப்பி, நடைக்குச் செங்குத்தாகத் தெற்கு நோக்கி நீட்டினார்கள். இதனால் தென்வரிசையில் இடம் மிச்சப்பட்டு, சமையலறை நடுவில் வந்து உட்கார்ந்தது. ஒருபக்கச் சாளரம் வழியாகத் துறவிகளுக்கும் மறுபக்கச் சாளரம் வழியாக உழைப்புச் சகோதரர்களுக்கும் ஒரே அடுப்பிலிருந்து பரிமாற முடிந்தது. எங்கள் கண்ணுக்கு அவர்களுடைய கோவில் வளைவுகளைவிட அழகான தீர்வு இதுதான்.

இடத்தேர்வு தவறியதும் உண்டு. இங்கிலாந்தின் ரீவோ பள்ளத்தாக்கு குறுகலானது. கிழக்கு நோக்கி இருக்க வேண்டிய கோவிலை ஏறக்குறைய வடக்குத் தெற்காகத்தான் வைக்க முடிந்தது. ரை ஆற்றையும் ஒதுக்கித் திருப்ப வேண்டியிருந்தது. பக்கத்தில் குடியேறிய பைலண்ட் துறவிகளின் மணியோசையும் ரீவோ மணியோசையும் ஒன்றோடொன்று கலந்து இரு மடங்களுக்கும் செப நேரம் குழம்பியது. பைலண்ட் துறவிகள் இடம் மாறினார்கள். 1177இல் நிலையான இடத்தில் அமர்வதற்குள் அவர்கள் பல ஊர் பார்த்துவிட்டார்கள்.

உணவு என்ன? குளிரை எப்படித் தாங்கினார்கள்?
*வாசகி, மதுரை*

ஒழுங்குநூல் தரும் அளவு: நாளுக்கு ஒரு ராத்தல் ரொட்டி, சமைத்த பதார்த்தம் இரண்டு, பழமோ பச்சைக் காய்கறியோ கிடைத்தால் மூன்றாவதாக அது, ஒரு ஹெமினா திராட்சை ரசம் (கால் லிட்டரை ஒட்டிய அளவு). நோயாளிகளைத் தவிர மற்றவர்களுக்கு நாற்கால் விலங்குகளின் இறைச்சி கிடையாது. சிஸ்டெர்சியர்கள் சமையலில் பன்றிக்கொழுப்பையும் விலக்கியதால் அவரையும் பட்டாணியும் கீரையும்தான் பெரும்பாலும். செப்டம்பர் நடுவிலிருந்து உயிர்ப்புத் திருவிழா (ஈஸ்டர்) வரை ஒரே வேளை சாப்பாடு.

சமையலறையையும் நோயாளிகள் கூடத்தையும் விட்டால் மடத்தில் நெருப்பு எரிந்தது கணப்பு அறையில் மட்டுமே. அங்கே சற்று நேரம் நின்று சூடேறலாம், செருப்புக்குக் கொழுப்புத் தடவலாம், உறைந்த மையை இளக்கலாம், தங்கக் கூடாது. படுக்கும்போதும் அங்கியோடுதான்.

பேசவே மாட்டார்களாமே?
*வாசகர், விருதுநகர்*

மௌன விரதம் என்று ஒன்று எடுத்துக்கொண்டதில்லை. இடமும் நேரமும் பார்த்துப் பேச்சைக் கட்டுப்படுத்தினார்கள். கோவில், உண்ணும் அறை, படுக்கும் அறை ஆகியவற்றில் பேச்சு இல்லை. படுக்கப் போகுமுன் சொல்லும் செபத்துக்குப் பின் எங்குமே இல்லை. வேலைக்கு வேண்டியதைப் பேச ஒரு சிறு அறை உண்டு. மற்ற இடங்களில் கைச்சைகை. ரொட்டி, மீன், புத்தகம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை வகுத்துப் பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள்.

ஏழ்மையை நாடி வந்தவர்கள் கம்பளி வியாபாரத்தில் கொழித்தது எப்படி? பிறகு ஏன் கடனில் விழுந்தார்கள்?
*வணிகவியல் ஆசிரியர், ஈரோடு*

அவர்களை ஏழ்மைக்காகக் கட்டுப்படுத்திய விதிகளே செல்வத்துக்கு வழிசெய்தன. குத்தகை வாங்கக் கூடாது, தசமபாகம் வாங்கக் கூடாது; எனவே நிலத்தைத் தாங்களே நேரடியாகப் பயிரிட்டார்கள். ஆனால் துறவிக்கு ஒரு நாளில் ஏழு பகற்செபங்களும் ஓர் இரவுச்செபமும் இருந்தன. தூரத்து வயலுக்குப் போய்வர நேரம் போதாது. ஆகவே உழைப்புச் சகோதரர்கள் என்ற தனிப்பிரிவு உருவாயிற்று. தாடி வைத்தவர்கள், எழுத்தறிவு இல்லாதவர்கள். புத்தகம் தொட அனுமதியில்லை. ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்ற செபம் போன்ற சிலவற்றை மனப்பாடம் செய்தால் போதும். மடத்திலிருந்து ஒரு நாள் நடையில் போய்ச் சேரக்கூடிய பண்ணைகளில் இவர்கள் தங்கி உழைத்து, ஞாயிறும் திருநாட்களும் மடத்துக்குத் திரும்பினார்கள். ரீவோவில் தலைவர் ஏல்ரெட் காலத்தில் (1147–1167) துறவிகள் 140 பேர் என்றும், உழைப்புச் சகோதரர்களும் பணியாட்களுமாக 500 பேர் என்றும் அவர் சீடர் எழுதியிருக்கிறார். கூலி இல்லாத உழைப்பு, வரிச்சலுகை, சிதறாத பெரிய நிலம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பணம் வராமல் எப்படி இருக்கும்? இந்த உழைப்பாளிகளை வரலாறு போதுமான அளவு நினைக்கவில்லை என்பது எங்கள் வருத்தம். துறவிகளுக்குக் கிடைத்ததுபோல் தங்களுக்கும் புதுச் செருப்பு வேண்டும் என்று ஜெர்மனியின் ஷோனாவ் மடத்துச் சகோதரர்கள் கலகம் செய்ததைப் படித்தால் அவர்கள் நிலை புரியும்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷையர் மேய்ச்சல் நிலத்தில் ஆடு வளர்த்த ஃபவுண்டன்ஸ், ரீவோ போன்ற மடங்களின் ரோமத்துக்கு ஃபிளாண்டர்ஸ் பகுதி நெசவாளர்களிடமும் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகர நெசவாளர்களிடமும் மதிப்பு அதிகம். காரணம் தரம்பிரித்தல். ரோமத்தைக் கழுவி, முதல்தரம், நடுத்தரம், துண்டுரோமம் எனப் பிரித்துத் தந்தார்கள். 14ஆம் நூற்றாண்டின் ஃபிளாரன்ஸ் வணிகர் பெகொலொத்தி மடம் மடமாக இந்த மூன்று தரங்களின் விலையையும் குறித்து வைத்திருக்கிறார். விற்பனை அளவு ஒரு மூட்டை. 364 ராத்தல், அதாவது சுமார் 165 கிலோ. அன்றைய ஆடுகள் சிறியவை என்பதால் ஒரு மூட்டை நிரம்ப இருநூறுக்கும் மேற்பட்ட ஆடுகளின் ரோமம் வேண்டும்.

சிக்கல் முன்பணத்தில் தொடங்கியது. கோவில் கட்டப் பணம் தேவைப்பட்டபோது, வரப்போகும் பல ஆண்டுகளின் ரோமத்தை இத்தாலிய வணிகர்களுக்கு இன்றே விற்றார்கள். இத்தனை மூட்டை, இன்ன தரம், இன்ன நாளில் என்று ஒப்பந்தம். சொந்த மந்தை போதாதபோது அக்கம்பக்கத்தாரின் ரோமத்தை வாங்கி அந்தக் கணக்கில் சேர்த்தார்கள், தரம் குறைந்தது. 1270களில் ஆடுகளுக்குச் சொறிநோய் பரவியது. மந்தை அழிந்தது, ஒப்பந்தம் அழியவில்லை. கொடுக்காத ரோமத்துக்கு ஈடாக மேலும் பல ஆண்டுகளின் ரோமத்தை அடகு வைத்தார்கள். ஃபவுண்டன்ஸ் போன்ற பெரிய மடங்களின் நிர்வாகத்தைக்கூட அரசரின் ஆட்கள் கையில் எடுக்க வேண்டியதாயிற்று. ஆசிரியராகிய உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: விளைச்சலின் ஆபத்து முழுவதும் விற்பவர் தலையில், விலை மட்டும் முன்கூட்டியே நிலையானது. வகுப்பில் முன்பேர ஒப்பந்தம் நடத்தும்போது இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

காட்டைத் திருத்திக் கழனியாக்கியவர்கள் என்ற புகழ் உண்மையா?
*வாசகர், தஞ்சாவூர்*

பாதி உண்மை. சதுப்பை வடித்தார்கள், குளம் வெட்டினார்கள். ஜெர்மனியின் மௌல்பிரோன் மடத்தைச் சுற்றி அவர்கள் அமைத்த குளங்களும் வாய்க்கால்களும் இன்றும் தெரிகின்றன. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த நிலங்களில் பல ஏற்கெனவே உழுதவைதான். தனிமை வேண்டும் என்பதற்காகச் சில இடங்களில் அங்கிருந்த கிராமத்தாரை வெளியேற்றியதும் நடந்தது. அக்காலத்து இங்கிலாந்து அரசவை எழுத்தாளரான வால்டர் மாப் இதற்காக அவர்களைக் கடுமையாகச் சாடியிருக்கிறார்.

ஒரே குறியில் 9999 வரை எழுதும் துறவிகளின் எண்கள் என்று ஒரு படம் பார்த்தேன். எப்படி எழுதுவது?
*பள்ளி மாணவி, நாகர்கோவில்*

செங்குத்தாக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதன் மேல்வலப்பக்கம் ஒன்றுகளின் இடம், மேல் இடப்பக்கம் பத்துகள், கீழ்வலப்பக்கம் நூறுகள், கீழ் இடப்பக்கம் ஆயிரங்கள்.

முதலில் மேல்வலப்பக்கம் பழகுங்கள். 1: கோட்டின் உச்சியிலிருந்து வலப்பக்கம் ஒரு சிறு கிடைக்கோடு. 2: அதே கிடைக்கோடு சற்றுக் கீழே. 3: உச்சியிலிருந்து வலப்பக்கம் சரிந்து இறங்கும் சாய்கோடு. 4: 2 தொடங்கும் இடத்திலிருந்து வலப்பக்கம் ஏறும் சாய்கோடு. 5 என்பது 1ஐயும் 4ஐயும் சேர்த்தது. சிறு முக்கோணக் கொடிபோல் வரும். 6: கோட்டைத் தொடாமல் வலப்பக்கம் தள்ளி ஒரு சிறு செங்குத்துக்கோடு. 7 என்பது 1ம் 6ம், 8 என்பது 2ம் 6ம், 9 என்பது 1, 2, 6 மூன்றும் சேர்ந்த கட்டம். இந்த ஒன்பதையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடப்பக்கம் திருப்பினால் பத்துகள். தலைகீழாகக் கவிழ்த்தால் நூறுகள். இரண்டையும் செய்தால் ஆயிரங்கள். சுழி கிடையாது, அந்த மூலையைக் காலியாக விடுங்கள்.

சீத்தோவின் ஆண்டான 1098ஐ எழுதிப் பாருங்கள். கீழ் இடப்பக்கம் அடியில் ஒரு கிடைக்கோடு, கீழ்வலப்பக்கம் காலி, மேல் இடப்பக்கம் கட்டம், மேல்வலப்பக்கம் 8. பெரும்பாலும் தவறு வருவது 3க்கும் 4க்கும் இடையில்தான். நூறுகளில் கவிழ்க்கும்போது இறங்கும் கோடு ஏறும் கோடாகிவிடும். முனை செங்குத்துக்கோட்டின் நுனியைத் தொட்டால் 3, உள்ளே தள்ளித் தொட்டால் 4 என்று பாருங்கள். கையெழுத்துப் படிக்குப் படி வடிவங்கள் கொஞ்சம் மாறும் என்பதையும், நடுக்கோட்டைப் படுக்கையாக வைத்து எழுதியதும் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

13ஆம் நூற்றாண்டிலிருந்து சிஸ்டெர்சியர்கள் இவற்றை ஏடுகளுக்கு இலக்கமிடவும், ஆண்டு குறிக்கவும், பொருட்குறிப்பு அட்டவணைக்கும் பயன்படுத்தினார்கள். கூட்டல் கழித்தலுக்கு இவை உதவா.

அவர்கள் இசையிலும் எளிமை பார்த்தார்களா?
*இசை ஆசிரியை, திருச்சி*

பார்த்தார்கள், அளவுக்கு மீறியே. பழைமையான கிரகோரியன் பாடல்களை (ஒற்றைக்குரல் லத்தீன் வழிபாட்டுப் பாடல்கள்) வேண்டி மெத்ஸ் நகருக்கு ஆளனுப்பிப் பிரதி எடுத்தார்கள். வந்த பிரதி பிழை மலிந்ததாகப் பட்டது. பெர்னார்டின் பொறுப்பில் 1140களில் மறுசீரமைப்பு நடந்தது. ஒரு பாடல் பத்துச் சுரங்களின் எல்லையைத் தாண்டக் கூடாது. ‘பத்து நரம்பு யாழ்’ என்ற திருப்பாடல் வரியே அதற்கு ஆதாரம். ஒரு பாடலுக்கு ஒரே இசைமுறை. ஓரசையை நீட்டிச் செல்லும் நீண்ட சஞ்சாரங்களைச் சுருக்கு. விளைவு என்னவென்றால், எல்லை தாண்டிய பாடல்களின் உச்சப்பகுதிகள் வெட்டப்பட்டும் இடம் மாற்றப்பட்டும் சில பாடல்கள் உருமாறிப்போயின. ஆனால் ஒரு பாட்டைக் கேட்டாலே இது சிஸ்டெர்சியன் என்று சொல்லும்படி ஆயிற்று.

ஆனால் ஸ்பெயினின் புர்கோஸ் நகரில் 1187இல் தொடங்கிய லாஸ் வெல்காஸ் பெண்துறவியர் மடத்திலிருந்து, பல குரல் இசை நிறைந்த, 1300ஐ ஒட்டிய ஒரு கையெழுத்துத் தொகுப்பு கிடைத்திருக்கிறது. சகோதரிகள் விதியைத் தங்கள் காதுக்கு ஏற்றவாறு புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

துறவியின் படம் போட்ட பீர் எல்லாம் மடத்தில் காய்ச்சியதா? இடைக்காலச் செய்முறை என்கிறார்களே?
*வாசகர், சென்னை*

படத்தை நம்பாதீர்கள். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லா திராப் சிஸ்டெர்சியன் மடத்தில் அதன் தலைவர் ரான்சே கொண்டுவந்த கடுஞ்சீர்திருத்தத்தின் வழிவந்தவர்கள் திராப்பிஸ்டுகள். 1892 முதல் தனிச்சபை. அவர்கள் பொருட்களுக்கு அறுகோண முத்திரை ஒன்று உண்டு. மடத்தின் சுற்றுமதிலுக்குள்ளோ அதன் அருகிலோ தயாரிக்க வேண்டும், துறவிகளின் மேற்பார்வை வேண்டும், ஆதாயம் மடத்தின் தேவைக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும் என்பவை நிபந்தனைகள். ‘மடத்து பீர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் வணிக ஆலையில் செய்ததாகவும் இருக்கலாம்.

இடைக்காலத் தொடர்ச்சி என்பதும் பெரும்பாலும் விளம்பரம். பிரெஞ்சுப் புரட்சி பிரான்ஸ், பெல்ஜியம் பகுதி மடங்களைக் கலைத்துவிட்டது. பெல்ஜியத்தின் வெஸ்ட்மாலே, வெஸ்ட்வ்லேட்டரன், சிமே ஆகிய இடங்களில் இன்றுள்ள காய்ச்சுதல் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது.

நம் பக்கம் இவர்களுக்குத் தொடர்பு உண்டா?
*வாசகர், கரூர்*

உங்கள் பக்கத்திலேயே உண்டு. சிமே பீர் காய்ச்சும் பெல்ஜியத்தின் ஸ்கூர்மோன் மடத்துத் திராப்பிஸ்ட் துறவி பிரான்சிஸ் ஆச்சாரியா, 1958இல் கேரளத்து வாகமண்ணில் குரிசுமலை ஆசிரமத்தைத் தொடங்கினார். சீரோ மலங்கரா (கேரளத்துச் சீரியக் கத்தோலிக்க மரபு) வழிபாடு, காவி உடை, பால்பண்ணை. 1998இல் அந்த ஆசிரமம் திராப்பிஸ்ட் சபையோடு முறைப்படி இணைந்தது. அவருக்குத் துணையாக இருந்த ஆங்கிலேய பெனடிக்ட் துறவி பீட் கிரிஃபித்ஸ் 1968இல் குளித்தலை அருகே தண்ணீர்பள்ளியில் காவிரிக்கரை சாந்திவனத்துக்கு வந்து, 1993இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். சாந்திவனம் 1950இல் மோன்ஷனின், லெ சோ என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது. அது பெனடிக்ட் மரபு, சிஸ்டெர்சியன் அல்ல.

பிரான்சுக்குப் போகிறோம். ஒரு மடம்தான் பார்க்க முடியும் என்றால்?
*வாசகி, புதுச்சேரி*

பர்கண்டியில் மோன்பார் அருகே உள்ள ஃபோந்த்னே. 1118இல் தொடங்கியது, கோவிலை 1147இல் திருத்தந்தை மூன்றாம் யூஜீனியஸ் புனிதப்படுத்தினார். அவரே சிஸ்டெர்சியன். 1981 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. புரட்சிக்குப் பின் காகித ஆலையாக ஓடியதால் கட்டடங்கள் பிழைத்தன. கோவிலில் சிற்ப அலங்காரமும் வண்ணக் கண்ணாடியும் தேடாதீர்கள். விதிப்படி அவை இல்லை. காலை வெயில் கல்தரையில் நகர்வதைப் பார்க்கக் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பிறகு ஆற்றோரத்தில் 50 மீட்டருக்கு மேல் நீளும் கொல்லுலைக் கூடத்துக்குப் போங்கள். நீர்ச்சக்கரம் சம்மட்டியைத் தூக்கிப் போடும் அமைப்பை மறுபடி செய்து வைத்திருக்கிறார்கள். கிளேர்வோவை விட்டுவிடலாம், பெர்னார்டின் மடத்தில் எஞ்சிய கட்டடங்கள் 1808 முதல் 2023 வரை சிறைச்சாலையாக இருந்தவை.